ஒன்பது அடி

நிலக்கீழ் நீச்சல்குளத்தைப் பூட்டி ஏழு வருசம்.
திறப்பு கட்டடப் பொறுப்பாளரின் இடுப்பில்.
துவாய் அறைப் பக்கக் கதவு மட்டும்
என் நூலக அட்டைக்குத் திறக்கும்.

எக்ளிங்டனும் மார்க்கம் ரோட்டும் வெட்டுமிடம்,
இருபத்திரண்டு மாடி.
பதினொராம் மாடி மிகேல்
மூன்று நாளாய்த் தாய் கூப்பிட்டும் திரும்பவில்லை.
எட்டாம் மாடி நிவேதிகாவுக்கு
வருகைப் பதிவில் கை உயரவில்லை.
டாக்குத்தர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.
காதில் பிழையில்லை.
பெயரை ஏதோ தின்றுவிட்டது.

ஏதென்று எனக்குத் தெரியும்.
பதின்மூன்று வயதில் ஒருநாள்
லிஃப்டின் எல்லாப் பொத்தானும் தானாய் எரிந்து,
கண்ணாடியில், என் பின்னால், ஒருவரும் இல்லாத இடத்தில்
மூச்சுப் படிந்ததிலிருந்து தெரியும்.
அதன்பிறகு நான்கை முடித்திருக்கிறேன்.
சலவை அறையில் கொன்றது
இன்னும் சிலவேளை சோப்பாய் மணக்கும்.

பெப்ரவரி. வெளியே சைபருக்குக் கீழே இருபத்திரண்டு.
பனிக்குத் தூவ வாசலில் வைத்த உப்பு மூட்டையில்
இரண்டு கோப்பை அள்ளினேன்.
ஹொக்கி மட்டை நுனிக்குப் புது டேப் சுற்றி
உப்புத் தண்ணியில் ஊறவிட்டேன்.
வேல் இல்லை. மந்திரம் இல்லை.
காலையில் இரசாயனவியல் சோதனை இருக்கு,
அதுவும் முதற் பாடம்.

குளத்தில் தண்ணீர் இல்லை.
நீல ஓடுகள், ஒரு பிள்ளையின் ஒற்றைச் செருப்பு,
விளிம்பில் கறுப்பு எழுத்தில் ஆழம்:
மூன்றடி, ஐந்தடி, ஏழடி.
ஒன்பதில் அது குந்தியிருந்தது.

கொம்பு இல்லை, கோரைப்பல் இல்லை.
ஈரத் துவாய் மாதிரி மடிந்து கிடந்தது.
வாய் மட்டும் புதுசு.
உள்ளே பெயர்கள் மீன்குஞ்சாய்த் துள்ளின.

"ஆழினி" என்றது.

கை நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நான் ஆஷினி.
புது ஆசிரியர் வந்தால் ஆ... ஸ்... ஹினி,
மன்னிச்சுக்கொள், சரியாச் சொன்னேனா?
பஸ்ஸில் கூட வரும் ஜாஸ்மினுக்கு வெறும் ஆஷ்,
சாம்பல்.
வீட்டிலும், அம்மா வாயில், ஆளினி.
எங்கட ஊர் நாக்கு அவ்வளவுக்குத்தான் மடியும்.
பெயரைத் தெரிந்தெடுத்த அப்பாவும்
எழுதிக் காட்டினார்,
சொல்லிக் காட்டவில்லை.

இதுவோ
நாக்கு நுனியை மேலே கொண்டுபோய்
அண்ணத்தைத் தொடாமல்,
தொடாமலே திருப்பியது.
பதினாறு வருசம் இருந்த வீட்டில்
இப்படியொரு அறை இருந்ததா?

"என்னைக் கொன்றால்
இதை யார் சொல்வார்கள் உனக்கு?"
குரலில் கேலி இல்லை. அதுதான் பயம்.

மேலே எங்கோ குழாயில் தண்ணீர் ஓடியது.
நித்திரை வராமல் மிகேலின் தாய்
கோப்பை கழுவுகிறாவாக்கும்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றேன்.
வெட்கமாய்த்தான் இருந்தது.
சொன்னது.
கடைசி எழுத்து முடியும்வரை நின்று
பிறகு அடித்தேன்.

உப்புப் பட்ட இடமெல்லாம் ஏரிப் பனிபோல் வெடித்தது.
பெயர்கள் ஓடுகளில் சிதறி
மிகேல் மிகேல் மிகேல் என்று
காற்றுக்குழாய்க்குள் ஏறிப் போயின.
நிவேதிகா கொஞ்சம் தயங்கி, கடைசியாய்.
என்னுடையது வரவில்லை.
அதை அது தின்றிருக்கவில்லை.
சும்மா தெரிந்து வைத்திருந்தது.

ஏறி வரும்போது ஏழடியில் சறுக்கி
முழங்கால் கிழிந்தது.

ஐந்தரைக்கு அம்மா பாண் தொழிற்சாலையால் வந்தா,
தலையில் வலைத்தொப்பி இன்னும் இருக்க.
கதவடியில் உப்பைக் கண்டு
"ஆளினி! சப்பாத்தை வெளியில களட்டச் சொன்னனான் எல்லே!"
"ஓம் அம்மா."

குளியலறையைப் பூட்டி
கண்ணாடிக்குக் கிட்டப் போய்ச் சொல்லிப் பார்த்தேன்.
ள.
திரும்பவும் ள.
கண்ணாடியில் மூச்சுப் படிந்தது,
இந்தமுறை என்னுடையது.

முழங்காலுக்குப் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு
பயிற்சித் தாளை விரித்தேன்.
முதற் கேள்வி:
ஐம்பத்தெட்டரை கிராம் உப்பில் எத்தனை மோல்?
மடித்த நாக்கை விடாமலே எழுதினேன்,
ஒன்று.